நின்றது வேறு, முடிந்தது வேறு

வேலையில்லாதவருக்கு அரசாங்கம் தருகிற பணம் வராமல் போவதில் இரண்டு வகை உண்டு. ஏதோ ஒரு தாள் உரிய இடத்துக்குப் போய்ச் சேராததால் அது வழியில் நின்றிருக்கும். அல்லது, விதி கொடுத்த காலம் தீர்ந்து கணக்கு முடிந்திருக்கும். நின்றதை மறுபடி வர வைக்கலாம். முடிந்ததைக் கலெக்டரே நினைத்தாலும் திறக்க முடியாது. பேட்டையில் மனு எழுதியும், ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தும் பிழைக்கிற எனக்கு இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் தொழிலில் பாதி.

திருநெல்வேலி டவுனைத் தாண்டி சேரன்மகாதேவி போகிற சாலையில் இருக்கிறது பேட்டை. மதிதா இந்துக் கல்லூரி இங்கே. அரசு ஐ.டி.ஐ. இங்கே. சிட்கோ தொழிற்பேட்டை, மூடிக் கிடக்கிற கூட்டுறவு நூற்பாலை எல்லாம் இங்கேதான். கொஞ்சம் தள்ளி ராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரி. படிக்கிறவர்களும், வேலைக்குப் போகிறவர்களும், வேலை போனவர்களும் ஒரே கடையில் வரிசையில் நிற்கிற ஊர் இது. தட்டச்சில் ஹையர் பாஸ் பண்ணிவிட்டு, ஒரு பழைய மெஷினோடு மனு அடித்துக் கொடுக்க உட்கார்ந்தவன் நான். மெஷின் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. பக்கத்தில் ஜெராக்ஸ் வந்தது. வருகிறவர்களின் கேள்வி மட்டும் மாறவில்லை: "அண்ணாச்சி, பணம் வந்துக்கிட்டு இருந்துச்சு, இப்பம் வரலை. மறுபடி போட்டா கிடைக்குமா?"

பதில் சொல்லுவதற்கு முன்னால் நான் கேட்பது பாஸ்புக்கை. வாயால் சொல்லுகிற கணக்கை நான் எடுத்துக்கொள்வதில்லை. அவர்கள் பொய் சொல்லுகிறார்கள் என்பதல்ல காரணம். எந்தத் திட்டத்தில் எந்தப் பணம் வந்தது என்பதே பலருக்குத் தெரியாது. வேலைவாய்ப்பு அலுவலக உதவித்தொகையும், ஈ.எஸ்.ஐ. பணமும், பி.எப். பணமும் எல்லாமே "கவர்மெண்டு பணம்"தான். மூன்றுக்கும் விதி வேறு. மறுபடி கேட்கும் வழியும் வேறு.

முதலில் வேலைவாய்ப்பு அலுவலகத் தொகையைச் சொல்லிவிடுகிறேன். 2006-ல் தமிழ்நாடு அரசு இதைத் தொடங்கியபோது பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு மாதம் 150 ரூபாய், பிளஸ் டூவுக்கு 200, பட்டதாரிக்கு 300. இப்போது பத்தாம் வகுப்பில் தோற்றவருக்கு 200, ஜெயித்தவருக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600. பதிவு செய்து 5 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். பதிவை விட்டுவிடாமல் புதுப்பித்து வந்திருக்க வேண்டும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள். வயது 40, ஆதிதிராவிடர், பழங்குடியினர் என்றால் 45. இத்தனையும் பொருந்தினால் 3 ஆண்டுகளுக்குக் கிடைக்கும். மாற்றுத்திறனாளிகளுக்குப் பதிவு 1 ஆண்டு இருந்தால் போதும், தொகையும் கூடுதல், 10 ஆண்டுகள் வரை வரும். பொறியியல், மருத்துவம், வேளாண்மை, சட்டம் மாதிரித் தொழில்படிப்பு படித்தவர்களுக்குக் கிடையாது.

பணம் மாதாமாதம் விழாது. காலாண்டுக்கு ஒருமுறை விழும். பட்டதாரி என்றால் 1,800 ரூபாய். ஆகவே பாஸ்புக்கில் 1,800 ரூபாய் வரவு எத்தனை இருக்கிறது என்று எண்ணுவேன். 12 இருந்தால் 3 ஆண்டு முடிந்தது, மொத்தம் 21,600 வாங்கியாயிற்று. சில சமயம் இரண்டு காலாண்டு சேர்ந்து 3,600 ஆக விழும். அதை இரண்டாக எண்ண வேண்டும். 4 வரவு மட்டும் இருந்து அதற்குப் பிறகு வெறுமையாக இருந்தால், எனக்குப் பாதிக் காரணம் அப்போதே தெரிந்துவிடும். ஓர் ஆண்டு முடிந்ததும் கொடுக்க வேண்டிய சுய உறுதிமொழி ஆவணத்தைக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

அப்படி ஒரு பெண் வந்தார். பி.ஏ. முடித்தவர். கல்யாணமாகிக் கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறார். தம்பியின் விண்ணப்பத்துக்காக வந்த இடத்தில், பேச்சுவாக்கில் சொன்னார்: "எனக்கும் ஒரு வருஷம் வந்துச்சு அண்ணாச்சி. பெறவு வரலை. முடிஞ்சு போச்சுன்னு விட்டுட்டேன்."

"முடிஞ்சுதுன்னு யாரும்மா சொன்னா?"

"யாரும் சொல்லலை. வரலைன்னா முடிஞ்சுதுன்னுதானே?"

பாஸ்புக்கை மறுநாள் எடுத்து வரச் சொன்னேன். எண்ணினால் நாலே வரவு. நான் வேலை பார்க்கவில்லை, பள்ளி, கல்லூரிக்கு நேரில் போய்ப் படிக்கவில்லை, குடும்ப வருமானம் வரம்புக்குள்தான் இருக்கிறது என்று ஆண்டுதோறும் எழுதிக் கொடுக்கிற தாள்தான் அந்தச் சுய உறுதிமொழி ஆவணம். ஒன்றரைப் பக்கம்கூட வராது. அதோடு வேலைவாய்ப்பு அட்டை நகலும் பாஸ்புக் நகலும் வைத்து நேரில் கொடுக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு குடும்பம் மாறியதால் வருமான விவரம் இப்போது கணவர் வீட்டுக்கு எப்படி வரும் என்பதையும் அலுவலகத்தில் கேட்டு எழுதச் சொன்னேன். அவருடைய கணவருக்கு வருமானம் வரம்புக்குள் இருந்தது. ஆவணம் போனது, வரவு மறுபடி விழுந்தது. நின்றிருந்ததே தவிர முடிந்திருக்கவில்லை. அவரை யாரும் ஏமாற்றவில்லை. யாரும் எடுத்துச் சொல்லவும் இல்லை, அவ்வளவுதான்.

பணம் நிற்பதற்கு இன்னொரு காரணம் வங்கி. 2020 ஏப்ரல் 1-ல் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும் சேர்ந்தன. அதற்குப் பிறகு ஐ.எப்.எஸ்.சி. எண் மாறியது. பழைய எண்ணையே அலுவலகத்தில் கொடுத்து வைத்திருந்தவர்களுக்குப் பணம் போய்த் திரும்பியது. 2 ஆண்டு நீங்களாக ஒரு வரவு செலவும் செய்யாமல் விட்டால் கணக்கே செயல்படாத கணக்காகிவிடும். ஆதாரைக் கொண்டுபோய்க் கொடுத்துத்தான் உயிர் கொடுக்க வேண்டும். உதவித்தொகைக்கென்றே ஒரு கணக்குத் திறந்து, அதைத் தொடாமல் வைத்திருக்கிற நல்ல பிள்ளைகளுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம் வரும்.

மூன்றாவது, பதிவு. வேலைவாய்ப்புப் பதிவை 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தவறினால் 18 மாதம் சலுகைக் காலம். அதையும் விட்டால் சீனியாரிட்டி போய்விடும். அரசு அவ்வப்போது சிறப்புச் சலுகை அறிவித்து, இத்தனையாம் ஆண்டிலிருந்து இத்தனையாம் ஆண்டு வரை விட்டுப் போனவர்கள் இந்தத் தேதிக்குள் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று சொல்லும். 2021 டிசம்பரில் அப்படி ஓர் ஆணை வந்தது. அந்தச் சமயத்தில் என் கடையில் கூட்டம் அள்ளியது. பேப்பரில் சின்னதாக ஒரு மூலையில் வருகிற அந்தச் செய்தியைப் படிக்கிற வீட்டுக்குப் பலன், படிக்காத வீட்டுக்கு இல்லை. இது எனக்கு இன்றைக்கும் சரியாகப் படவில்லை. செல்போன் எண்ணைப் பதிவில் வைத்திருக்கிற அரசு அதில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பலாமே?

முடிந்தவர்கள் கதைக்கு வருகிறேன். 3 ஆண்டு முழுவதும் வாங்கியவர் மறுபடி விண்ணப்பிக்க முடியாது. ஒவ்வொரு காலாண்டும் மாவட்ட நிர்வாகம் தருகிற பத்திரிகைச் செய்தியிலேயே அந்த வரி இருக்கும். இதில் நான் யாரிடமும் சுற்றி வளைத்துப் பேசுவதில்லை. "உங்களுக்கு முடிஞ்சு போச்சு தம்பி, விண்ணப்பத்துக்குக் காசு செலவழிக்காதிய" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். விண்ணப்பப் படிவம் அலுவலகத்தில் இலவசமாகவே கிடைக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுவேன். தொகை வாங்குவதால் பதிவு ரத்தாகாது, வேலைக்கான சீனியாரிட்டி அப்படியே இருக்கும் என்பதையும் கட்டாயம் சொல்லுவேன். ஏனென்றால் "பணம் வாங்கினா வேலைக்குக் கூப்பிட மாட்டாங்களாம்ல" என்று பயந்து விண்ணப்பிக்காத பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் எளிதான பாதி. ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டுப் பக்கம் வந்தால்தான் நிதானம் வேண்டும்.

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்கள் ஈ.எஸ்.ஐ.க்குள் வருவார்கள். சம்பளத்தில் முக்கால் சதவீதம் தொழிலாளியிடம் பிடிப்பார்கள், மூன்றேகால் சதவீதம் முதலாளி கட்டுவார். மருத்துவத்துக்காகத்தான் இந்தப் பிடித்தம் என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். வேலை போனால் பணம் தருகிற திட்டங்கள் இரண்டு அதற்குள் உண்டு. 2005 ஏப்ரலில் வந்தது ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா. ஆலை மூடினால், ஆள்குறைப்பில் போனால், அல்லது வேலைக்குச் சம்பந்தமில்லாத காரணத்தால் 40 சதவீதத்துக்குக் குறையாத நிரந்தர ஊனம் வந்தால் அதில் உதவித்தொகை. 2018 ஜூலை 1-ல் வந்தது அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. பெயரை யாரும் முழுதாகச் சொல்லுவதில்லை. என் கடையில் அதற்கு "அடல் பணம்" என்று பெயர். பொதுவாக வேலை போனவருக்கு அதில் 90 நாள் வரை நிவாரணம்.

அடல் பணம் வந்த புதிதில் சராசரி தினச் சம்பளத்தில் 25 சதவீதம்தான் கொடுத்தார்கள். கொரோனா ஊரடங்கு வந்தபோது, 2020 மார்ச் 24 முதல் அதை 50 சதவீதமாக்கினார்கள். வேலை போய் 90 நாள் கழித்துத்தான் கேட்கலாம் என்றிருந்ததை 30 நாளாகக் குறைத்தார்கள். முதலாளி வழியாகப் போகாமல் தொழிலாளியே நேராகக் கேட்கலாம் என்றார்கள். முத்திரைத்தாளில் எழுதித் தரவேண்டிய பிரமாணப் பத்திரத்தையும் அந்த ஆண்டிலேயே எடுத்துவிட்டார்கள். இந்தத் தளர்வுகளைப் பிறகு பலமுறை நீட்டித்தார்கள். பிரமாணப் பத்திரம் டைப் அடிக்கிற காசு எனக்குக் குறைந்தது உண்மைதான். ஆனாலும் அந்த ஆண்டு எடுத்த முடிவுகளில் இது நல்ல முடிவு என்றே சொல்லுவேன். வேலை போனவனை முத்திரைத்தாளுக்கும் நோட்டரிக்கும் அலையவிடுவதில் யாருக்கும் லாபமில்லை.

இந்தத் திட்டத்தில் எல்லோர் வாயிலும் இருக்கிற சொல் "வாழ்நாளில் ஒரு தடவை". அதில்தான் சிக்கல். ஒரு தடவை என்றால் ஒரு விண்ணப்பம் என்று ஆட்கள் நினைத்துக்கொள்கிறார்கள். விதி சொல்லுவது 90 நாளின் மொத்தத்தை. அது ஒரே வேலையிழப்பில் தீரலாம், ஒன்றுக்கு மேற்பட்ட வேலையிழப்புகளிலும் தீரலாம். ராஜீவ் காந்தி திட்டத்தில் இது இன்னும் தெளிவு. அங்கே மொத்தம் 24 மாதம், முதல் 12 மாதம் 50 சதவீதம், அடுத்த 12 மாதம் 25 சதவீதம். ஒரேயடியாக வாங்கலாம், ஒரு மாதத்துக்குக் குறையாத துண்டுகளாகவும் வாங்கலாம்.

ஐ.டி.ஐ.யில் பிட்டர் முடித்த ஒரு பையன். கங்கைகொண்டான் பக்கம் ஒரு கம்பெனியில் மாதம் 12,000 ரூபாய்க்கு இருந்தான். 2020-ல் வேலை போனது. 30 நாளுக்கு அடல் பணம் வாங்கினான், அடுத்த மாதமே வேறு இடத்தில் சேர்ந்துவிட்டான். அங்கே இடையிடையே மாதக்கணக்கில் வேலையில்லாமல் கிடந்து, பிறகு அதுவும் போனது. கூட்டாளிகள், "ஏல, நீ ஒரு தடவை வாங்கிட்டல்லா, இனி கிடையாது" என்று சொல்லிவிட்டார்கள். என்னிடம் வந்தது பி.எப். எடுக்க. ஈ.எஸ்.ஐ. தளத்தில் அவன் எண்ணைப் போட்டுப் பங்களிப்பு விவரத்தை அச்செடுத்து மேஜையில் விரித்தேன்.

அந்தத் தாளை எப்படிப் படிப்பது என்று சொல்லுகிறேன். யாருக்காவது உதவும். ஈ.எஸ்.ஐ.யில் ஆண்டு இரண்டாகப் பிரியும்: ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். இந்த ஒவ்வொரு ஆறு மாதமும் ஒரு பங்களிப்புக் காலம். வேலை போவதற்கு முன் 2 ஆண்டு காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். வேலை போனதற்கு உடனே முந்தைய பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்காவது பங்களிப்பு இருக்க வேண்டும். அந்த 2 ஆண்டில் மிச்சமுள்ள மூன்று காலங்களில் ஏதாவது ஒன்றிலும் 78 நாள் இருக்க வேண்டும். முதலில் நான்கு காலத்திலும் 78 கேட்டார்கள். தளர்த்தியபின் இரண்டு போதும். ஆகவே நான் பென்சிலால் நான்கு கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் நாளைக் கூட்டி எழுதுவேன். 78-க்கு மேலே உள்ளதை வட்டம் போடுவேன். கடைசிக் கட்டத்தில் ஒரு வட்டம், முந்தைய மூன்றில் ஒரு வட்டம் விழுந்தால் கேட்கலாம்.

அவனுக்கு வட்டம் இரண்டும் விழுந்தன. 90-ல் 30 போக 60 நாள் பாக்கி. ஆனால் தொகை முன்பு போல வராது என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. நான்கு பங்களிப்புக் காலத்துச் சம்பளத்தையும் கூட்டி 730-ஆல் வகுப்பதுதான் சராசரி. வேலை பார்த்த நாளால் வகுப்பதில்லை. முதல் முறை 24 மாதமும் வேலையில் இருந்தான். 2,88,000-ஐ 730-ஆல் வகுத்தால் நாளுக்கு 394 சொச்சம், பாதி 197, 30 நாளுக்கு 5,900 ரூபாயை ஒட்டி வந்தது. இரண்டாம் முறை 24 மாதத்தில் அவன் சம்பளம் வாங்கியது 14 மாதம். 1,68,000-ஐ அதே 730-ஆல் வகுத்தால் 230. பாதி 115. 60 நாளுக்கு 6,900 ரூபாய். நாள் இரட்டிப்பானது, பணம் ஆயிரம் ரூபாய்தான் கூடியது. "என்ன அண்ணாச்சி, இதே சம்பளம்தானே வாங்குனேன்" என்று கேட்டான். இடையில் வேலையில்லாமல் இருந்த மாதங்களும் வகுக்கிற எண்ணில் உட்கார்ந்துகொள்கின்றன. அடிக்கடி வேலை போகிறவனுக்குத்தான் இந்தத் தொகை அதிகம் தேவை, அவனுக்குத்தான் குறைவாக வருகிறது. விதியை எழுதியவர்கள் இதை ஒருமுறை ஒரு தொழிலாளியின் தாளில் போட்டுப் பார்த்திருக்கலாம்.

ஒரே ஆளுக்கு இரண்டு காப்பீட்டு எண் இருப்பது இன்னொரு பெரிய தடை. ஒரு மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்த்த அம்மா ஒருவர். மருத்துவமனை அதேதான், காண்டிராக்டர் மட்டும் மாறினார். புதுக் காண்டிராக்டர் பழைய எண்ணைக் கேட்காமல் புது எண் வாங்கிப் போட்டுவிட்டார். ஒரே ஆறு மாதத்தில் பழைய எண்ணில் 70 நாள், புது எண்ணில் 60 நாள். சேர்த்தால் 130. தனித்தனியே பார்த்தால் இரண்டுமே 78-க்குக் கீழே. ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் உழைத்த அந்த அம்மாவுக்குத் தகுதியில்லை என்று பதில் வந்திருந்தது. இரண்டு எண்ணும் ஒரே ஆளுடையதுதான் என்று ஆதார், இரண்டு அட்டைகள், சம்பளச் சீட்டுகளோடு கிளை அலுவலகத்துக்கு மனு எழுதிக் கொடுத்தேன். எண்கள் சேர்ந்து, பிறகுதான் தொகை வந்தது. ஈ.எஸ்.ஐ. எண் ஒருவருக்கு வாழ்நாள் முழுக்க ஒன்றுதான் இருக்க வேண்டும். வேலை மாறும்போது சட்டைப்பையில் சம்பளக் கவர் இருக்கிறதோ இல்லையோ, அந்த எண் இருக்க வேண்டும்.

காரணக் குறியீடு என்று ஒன்று இருக்கிறது. மாதாமாதம் முதலாளி ஈ.எஸ்.ஐ. கணக்கைப் பதிவேற்றும்போது, ஒரு தொழிலாளிக்கு வேலை நாள் பூஜ்யம் என்று போட்டால் காரணமும் போட வேண்டும். விடுப்பு, வேலையை விட்டுவிட்டார், ஓய்வு, வேலை இடைநிறுத்தம், வேலைநிறுத்தம் அல்லது கதவடைப்பு, ஆள்குறைப்பு, வேலை இல்லை என்று தனித்தனி எண்கள் உண்டு. கணக்கு எழுதுகிற பையன் எது கைக்கு வருகிறதோ அதைப் போட்டுவிடுகிறான். பாதிக்கப்படுவது தொழிலாளி. ஆள்குறைப்பில் போனவருக்கு "வேலையை விட்டுவிட்டார்" என்று விழுந்திருந்தால் ராஜீவ் காந்தி திட்டத்தின் கதவு சாத்திக்கொள்ளும். "விடுப்பு" என்று விழுந்திருந்தால் வேலை போனதாகவே கணக்கில்லை. ஆகவே வேலை போன வாரமே உங்கள் பதிவில் என்ன காரணம், என்ன கடைசித் தேதி இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். தவறாக இருந்தால் முதலாளியிடம் எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டதற்குச் சாட்சி கிடையாது.

எழுத்து என்றதும் இன்னொன்று. ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கும், வயதாகி ஓய்வு பெற்றவருக்கும், விருப்ப ஓய்வில் போனவருக்கும் அடல் பணம் கிடையாது. ஆகவே வேலையை விட்டுப் போகும்போது நீட்டப்படுகிற தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்கள் 2024-ல் விருப்ப ஓய்வுத் தாளில் கையெழுத்திட்டதும், அது உயர் நீதிமன்றம் வரை போனதும் தாமிரபரணிக் கரையில் எல்லோரும் அறிந்தது. தோட்டத் தொழிலாளர் சட்டம் வேறு, இந்தத் திட்டம் வேறு. ஆனாலும் "விருப்பம்" என்று ஒரு தாளில் எழுதிவிட்டால், அதற்குப் பிறகு விருப்பமில்லாமல் போனேன் என்று நிரூபிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை அந்த மலைக்காரர்களிடம் கேட்டால் தெரியும்.

நான் செய்யாத வேலை ஒன்றும் உண்டு. இன்னொரு இடத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, "அந்த மாசத்தையும் சேத்துப் போடுங்க அண்ணாச்சி" என்று கேட்பவர்கள் வருவார்கள். வேலை போன தேதியிலிருந்து மறுபடி சேர்ந்த தேதிக்கு முந்தைய நாள் வரைதான் கேட்க முடியும். பொய் சொல்லிப் பணம் பெற்றால் சட்டப்படி தண்டனை உண்டு, பணத்தையும் திரும்பக் கட்ட வேண்டும். இப்போதெல்லாம் புது வேலையில் முதல் மாதப் பங்களிப்பு விழுந்ததுமே அது தளத்தில் தெரிந்துவிடும். அதைவிட எனக்குப் பெரிய காரணம், பாக்கியிருக்கிற நாள்கள் ஓர் ஆளுக்கு ஆயுசுக்கும் உள்ள சொத்து. இரண்டு வாரப் பணத்துக்காக அதைப் பணயம் வைக்கக் கூடாது. சொன்னால் கோபித்துக்கொண்டு போவார்கள். போகட்டும்.

பாதிப் பணம் கமிஷன் என்று பேசிக்கொண்டு கிளம்புகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தத் தரகர்களை நம்பாதீர்கள். ஆதார், பாஸ்புக் நகல், காப்பீட்டு எண் இருந்தால் விண்ணப்பத்தை நீங்களே போட்டுவிடலாம். போட முடியாதவருக்குப் போட்டுக் கொடுக்கிற கூலி, டைப் கூலியை விடக் கூடியிருக்கக் கூடாது.

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிற பிள்ளைகளிடம் அங்கே எப்படி என்று நான் விசாரிப்பதுண்டு. பிரிட்டனில் யுனிவர்சல் கிரெடிட் என்ற தொகை, சம்பளம் கூடியதால் நின்றிருந்தால், 6 மாதத்துக்குள் மறுபடி வேலை போனால் புதிதாக முதலிலிருந்து தொடங்காமல் பழைய கணக்கிலேயே திரும்பக் கேட்கலாம். ஜெர்மனியில் வேலையிழப்புக் காப்பீட்டில் வாங்காமல் மிச்சம் வைத்த நாள்களை, உரிமை தொடங்கியதிலிருந்து 4 ஆண்டு வரை எடுத்துக்கொள்ளலாம். அதோடு, மறுபடி வேலைக்குப் போய்ப் பங்களிப்புக் கட்டினால் புது உரிமையும் பிறக்கிறது. அவர்களுடைய தொகையை நம்மோடு ஒப்பிட்டு நான் பெருமூச்சு விடவில்லை. நாடு வேறு, வருமானம் வேறு. ஆனால் அந்தக் கடைசி விதியைக் காசில்லாத நாடும் வைத்துக்கொள்ளலாம்.

சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1952-ல் கொண்டுவந்த 102-ஆம் எண் உடன்படிக்கை சமூகப் பாதுகாப்புக்கு ஒரு குறைந்தபட்ச அளவு வைத்தது. அதில் தொழிலாளர்களுக்கான வேலையின்மைத் தொகை 12 மாதத்துக்குள் 13 வாரம். 13 வாரம் என்பது 91 நாள். நம்முடைய அடல் திட்டமும் 90 நாள்தான். எண்ணில் ஒரு நாள்தான் வித்தியாசம். அங்கே அது ஓர் ஆண்டுக்கு, இங்கே அது ஓர் ஆயுளுக்கு. இந்தியா அந்த உடன்படிக்கையை ஏற்றுக் கையெழுத்திடவில்லை.

இதுதான் என் மனத்தில் கிடந்து உறுத்துவது. 90 நாளையும் வாங்கி முடித்த ஒருவர் மறுபடி வேலையில் சேர்கிறார். அடுத்த மாதச் சம்பளத்திலிருந்து முக்கால் சதவீதம் பிடிக்கிறார்கள். 5 ஆண்டு, 10 ஆண்டு பிடிக்கிறார்கள். மருத்துவ உரிமை அவருக்குப் புதிதாகக் கிடைத்துக்கொண்டே இருக்கிறது, அது நியாயம். ஆனால் வேலை போனால் தருகிற உரிமை மட்டும் திரும்பப் பிறப்பதில்லை. 25 வயதில் வேலை போய் 90 நாளையும் வாங்கி முடித்தவருக்கு, 45 வயதில், இரண்டு பிள்ளைகள் படிக்கிற சமயத்தில் வேலை போனால் ஒன்றுமில்லை. தொழிற்பேட்டையில் வருடத்துக்கு ஒரு காண்டிராக்டர் மாறுகிற காலத்தில், ஒருவருக்கு ஆயுளில் ஒருமுறைதான் வேலை போகும் என்று எந்தக் கணக்கில் எண்ணினார்கள்?

ஆகவேதான் என்னிடம் வருகிறவர்களுக்கு ஒரு யோசனை சொல்லுவேன். இளவயதில், வீட்டில் வேறு வருமானம் இருந்து, அடுத்த வேலைக்கு அழைப்பும் கையில் இருந்தால், ஒரு மாதத் தொகைக்காக அந்த நாள்களைச் செலவழிக்கத்தான் வேண்டுமா என்று யோசித்துப் பாருங்கள். உலை வைக்க அரிசி இல்லை என்றால் யோசிக்காமல் வாங்குங்கள், அதற்குத்தான் அது. எதுவானாலும் எத்தனை நாள் வாங்கினீர்கள், எத்தனை நாள் பாக்கி என்று பாஸ்புக்கின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். நிர்வாகம் மாறும், கம்ப்யூட்டர் மாறும், உங்கள் கையில் உள்ள கணக்கு இருக்கும்.

பேட்டைத் தெருக்களில் பீடி சுற்றுகிற பெண்கள் கையில் ஈ.எஸ்.ஐ. எண் இல்லை. இலை வராத வாரத்தில், பீடித்தூள் கொடுக்காத வாரத்தில் அவர்களுக்கு வேலையில்லை, அதற்குத் தொகையும் இல்லை. அவர்களுக்காக நான் நிரப்பிக் கொடுக்க ஒரு படிவமே கிடையாது. மறுபடி கேட்பதற்கு முன்னால் முதன்முதலாகக் கேட்கிற உரிமையே அவர்களுக்கு இன்னும் வரவில்லை.

ஈ.எஸ்.ஐ. கழகத்துக்கும் தொழிலாளர் அமைச்சகத்துக்கும் தொழிற்சங்கங்கள் வழியாகப் போகிற மனுக்களில் நான் தவறாமல் சேர்க்கிற வேண்டுகோள் இது: 90 நாள் தீர்ந்த பிறகு ஒருவர் மறுபடி 2 ஆண்டு பங்களிப்புக் கட்டினால், அவருக்கு இன்னொரு 90 நாள் உரிமை கொடுங்கள். பணம் அவர்களுடைய சம்பளத்திலிருந்தும் போகிறது. அதுவரை, வாசகர்களிடம் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ, "ஒரு வருஷம் வந்துச்சு, பெறவு வரலை" என்று சொல்லுகிறவர் யாராவது இருந்தால், அவருடைய பாஸ்புக்கை வாங்கி வரவுகளை எண்ணுங்கள். 12-க்குக் குறைவாக இருந்தால் சுய உறுதிமொழி ஆவணத்தோடு அவரை இந்த வாரமே வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அனுப்பி வையுங்கள்.